குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் இருப்பது என்ன என்சைம்? அதே என்சைமை வைத்து உடம்புச் சர்க்கரையிலிருந்து கரண்ட் எடுத்து, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை ஓட்ட முடியுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் லேப் வைத்திருக்கிறேன். இங்கே பலரும் கோயம்புத்தூர் போகிற சாக்கில் மெஷினும் ஸ்ட்ரிப்பும் வாங்கி வருவார்கள். டெஸ்ட் மட்டும் என்னிடம். "ஏனுங் தம்பி, வீட்டு மெஷின்ல 230 காட்டுச்சு, நீங்க 190-ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்ற கேள்வி ஓயாது. சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்று சொல்லி அனுப்புவேன். ஆனால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தையும் பிரித்துப் பாருங்கள். ஸ்ட்ரிப்பில் எந்த என்சைம் (ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் புரதம்) என்று அதில் இருக்கும்.

லேபில் பெரும்பாலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கறுப்புப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. 1 மில்லி ரீஏஜென்ட்டில் 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா விட்டு 37 டிகிரியில் 10 நிமிஷம் வைத்தால் ரோஸ் நிறம் ஏறும். சர்க்கரை கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். இந்த என்சைம் குளுக்கோஸிடமிருந்து இரண்டு எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துத்தான் இன்னொரு என்சைம் அந்த நிறத்தை உண்டாக்குகிறது. என்சைமை எலக்ட்ரோடோடு சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று 1962-ல் காட்டியவர்கள் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும்.

ஸ்ட்ரிப்பில் அந்த எலக்ட்ரானை ஒரு இடைத்தரகு ரசாயனம் வாங்கி எலக்ட்ரோடுக்குக் கொண்டுபோகும். அந்தக் கரண்ட்டைத்தான் மெஷின் நம்பராக மாற்றுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் அதே எலக்ட்ரானுக்குப் போட்டி போடும். அதனால் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு இந்த வகை ஸ்ட்ரிப் நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டலாம்.

இதைத் தவிர்க்க வந்ததுதான் குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். இது ஆக்சிஜனைச் சட்டை செய்யாது. இது வேலை செய்யக் கூடவே ஒரு துணை மூலக்கூறு வேண்டும். அது பி.க்யூ.க்யூ. ஆக இருக்கும் வகை நல்ல வேகம், ஆனால் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வீட்டிலேயே வயிற்றில் பை மாட்டி டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் கொடுப்பார்கள். அது உடம்பில் உடைந்து மால்டோஸாகும். சர்க்கரை உண்மையில் தாழ்ந்து கிடக்கும்போது மெஷின் 200, 300 என்று காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இப்படித் தவறான ரீடிங்கோடு தொடர்புடைய 13 மரணங்களைக் குறிப்பிட்டு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-ல் எச்சரிக்கை விட்டது. உங்கள் வீட்டில் அந்தத் திரவம் ஓடுகிறதென்றால், காகிதத்தில் பி.க்யூ.க்யூ. என்று இருக்கும் ஸ்ட்ரிப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். எஃப்.ஏ.டி. என்ற வேறொரு துணை மூலக்கூறு உள்ள வகை டீஹைட்ரஜனேஸ் மால்டோஸிடம் ஏமாறாது. சைலோஸ் என்ற சர்க்கரையில் மட்டும் கொஞ்சம் தடுமாறும்.

இனி பேஸ்மேக்கர். ஒரு பக்கம் சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான் எடுக்கும் என்சைம், மறுபக்கம் அதை ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் என்சைம், நடுவில் கரண்ட். இவ்வளவுதான் பயோஃப்யூயல் செல். 1964-லேயே செய்து பார்த்துவிட்டார்கள். 2010-ல் பிரான்ஸின் கிரனோபிள் ஆராய்ச்சிக் குழு எலியின் உடம்புக்குள்ளேயே வைத்துக் கரண்ட் எடுத்தது. ஆனால் ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால் 24 எலக்ட்ரான் கிடைக்கும். ஒற்றை என்சைம் எடுப்பது 2 மட்டுமே. அதைவிடப் பெரிய தடை ஆயுள். என்சைம் ஒரு புரதம், உடம்புச் சூட்டில் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். பேஸ்மேக்கரின் லித்தியம் பேட்டரியோ பத்து வருஷம் வரைகூடத் தாங்குகிறது. அதனால் பேஸ்மேக்கருக்கு இப்போதைக்கு வாய்ப்பில்லை என்றே சொல்வேன்.

எனக்கு நம்பிக்கை இருப்பது கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சாரில். அதில் என்சைம் 14 நாள் வேலை செய்தால் போதும், பிறகு கழற்றி எறிந்துவிடலாம். அந்த 14 நாளுக்கு வேண்டிய துளிக் கரண்ட்டையும் அளக்கிற சர்க்கரையிலிருந்தே எடுக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன.