எம்டன் ஏன் உடனே திரும்பியது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரின்போது, 1914இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கரைப் பீரங்கிகளுக்குப் பயந்து ஓடியது என்கிறார் ஒரு நண்பர். குண்டு தீர்ந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். எது சரி?

– ஒரு வாசகர், ராயபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. கரையிலிருந்து சுட்ட குண்டு ஒன்றும் எம்டன்மேல் படவில்லை. குண்டும் தீரவில்லை.

எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து: முன்னால் அருகருகே இரண்டு, பின்னால் அருகருகே இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஆக, ஒரு பக்கமாகச் சுட முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் மூன்று என ஐந்துதான் உதவும். பீரங்கிக்கு 150 வீதம் 1,500 குண்டுகள் ஏற்றலாம். செப்டம்பர் 22 இரவு செலவானது சுமார் 130. ஐந்துக்கும் பங்கிட்டால் தலைக்கு 26. பழகிய கைகளுக்குச் சில நிமிட வேலை. துறைமுகத்துக்கு மூவாயிரம் கஜம்வரை நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்தார்கள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன. வந்த காரியம் முடிந்தது. ‘எம்டன்’ என்ற சொல் நம் பேச்சில் ஏற அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குமேல் சுடாததுதான் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் திறமை என்பேன். சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவோ துறைமுகத்தை விட்டு வந்த கப்பலுக்கு இந்தியப் பெருங்கடலில் குண்டு தரும் துறைமுகம் கிடையாது. பிடித்த கப்பலிலிருந்து நிலக்கரி எடுக்கலாம். குண்டு எடுக்க முடியாது.

நிலக்கரியும் லேசான விஷயமல்ல. 860 டன் நிரப்பினால் மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் சுமார் 3,760 கடல்மைல் போகலாம், அதாவது 13 நாள். வேகத்தைக் கூட்டினால் செலவு பல மடங்காகும். இந்திய நிலக்கரியோ கரும்புகை கக்கி, கப்பலைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் செப்டம்பர் கடைசியில் பிடிபட்ட புரெஸ்க் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலும் அதிலிருந்த, புகை குறைந்த 6,600 டன் வேல்ஸ் நிலக்கரியும் அவர்களுக்குப் புதையல்.

எம்டனின் முடிவு பிறகு வந்தது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்தபோது எம்டனின் வீரர்கள் சுமார் ஐம்பது பேர் தந்தி நிலையத்தை அழிக்கக் கரையில் இருந்தார்கள். முதலில் குறி தவறாமல் அடித்தது எம்டன்தான். ஆனால் அதன் குண்டு சுமார் 17 கிலோ. சிட்னியின் ஆறு அங்குலக் குண்டு 45 கிலோ. வேகமும் சிட்னிக்கே அதிகம் என்பதால் தூரத்தை அதுவே தீர்மானித்தது. புகைபோக்கிகள் சாய்ந்து, பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்த பிறகு, முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்.