வகுப்பு அலமாரியில் யார் வீட்டுக் கதை?

(குழந்தைகளின் வாசிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். பலவகைக் குடும்பங்களைக் காட்டும் புத்தகங்கள் வகுப்பு நூலகத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது டீச்சர்? புதிதாக வாங்க நிதியும் அதிகம் இல்லை.

பதில்: வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையில் இருப்பதைத் தரையில் பரப்புங்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். குழந்தையைத் தூங்க வைப்பது யார்? பள்ளியில் கொண்டுவந்து விடுவது யார்? காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது யார்? ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அநேகமாக ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்றுதான் வரும். விலங்குக் கதைகளும் இதற்கு விலக்கில்லை. அப்பா முயல் செய்தித்தாள் வாசிக்கும், அம்மா முயல் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கும். முயலுக்கு எதற்கு ஏப்ரன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்படி எண்ணிப் பார்ப்பதை விளையாட்டாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம், ஓர் ஆண்டில் வரும் சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை எத்தனை என்று 1985இல் எண்ணத் தொடங்கியது. எண்ணிக்கை கைக்கு வந்த பிறகு, ‘எல்லாரைப் பற்றியும்தானே புத்தகம் வருகிறது’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது. உங்கள் வகுப்பிலும் அதுதான் நடக்கும். அந்தத் தாளைப் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டி வருவார், பெரியப்பா வருவார், வேலைக்குப் போகும் அக்கா அவசரமாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார். அவர்களில் யார் உங்கள் அலமாரியில் இல்லை என்று பார்த்து, அங்கிருந்து வாங்கத் தொடங்குங்கள். ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகம் குழந்தைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். பயிற்சியில் அதைச் சொல்லியிருப்பார்கள். கண்ணாடி கிடைக்காத பிள்ளையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகத்தையே பார்க்கும் பிள்ளைக்கும் நஷ்டம்தான்.

எதை வாங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ‘குடும்பங்கள் பலவகைப்படும்’ என்று பக்கத்துக்கு ஒரு குடும்பமாக விளக்கும் புத்தகம் ஒன்று இருந்தால் போதும். மிச்சமெல்லாம் வேறு எதையாவது பற்றிய கதையாக இருக்கட்டும். என் வகுப்பில் ஒரு படக்கதை கைக்குக் கை சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பையனுக்கு முதல் பல் ஆடுகிறது. தாத்தா நூல் எடுக்கிறார், பையன் கட்டிலுக்கடியில் ஒளிகிறான், தாத்தாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைகிறார். அவ்வளவுதான் கதை. அப்பா அம்மா எங்கே என்று கடைசிவரை சொல்லவே இல்லை. வாசித்து முடித்ததும் ஒருவன், “எங்க வீட்லயும் தாத்தாதான் புடுங்கினாரு” என்று வாயைத் திறந்து காட்டினான். உடனே ஆளாளுக்கு வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு பல்லைப் பற்றித்தான் போனது. ஆனால் தாத்தாவோடு மட்டும் வாழும் வீடும் ஒரு வீடுதான் என்பது யாரும் விளக்காமலே அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

மாறாக, அம்மா மட்டும் இருக்கும் வீடு என்றாலே அழுகை, கடன், கிழிந்த சட்டை என்று வரும் கதைகளைத் தள்ளி வையுங்கள். ஒன்றிருந்தால் பாதகமில்லை. எல்லாமே அப்படி இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள்.

இன்னொன்று. இந்தப் புத்தகங்களுக்குத் தனித் தட்டு, தனி லேபிள் எதுவும் வேண்டாம். பல் கதை மற்றக் கதைகளோடு கலந்தே கிடக்கட்டும்.

கேள்வி: என் மகனை நாங்கள் தத்தெடுத்தோம். அது அவனுக்கும் தெரியும். அவனுடைய ஆசிரியை தத்தெடுப்பு பற்றிய ஒரு கதைப்புத்தகத்தை எல்லார் முன்னிலையிலும் அவனிடம் நீட்டி, “இது உன்னோட கதை” என்றாராம். அவன் அதைத் திறக்கவே இல்லை. நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று தெரிகிறது. நான் பேசலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: பேசுங்கள். நல்லெண்ணம் என்று நீங்களே சொல்வதால், அதிலிருந்தே பேச்சை எடுக்கலாம். புத்தகம் வைத்தது சரி, நீட்டிய விதம்தான் சரியில்லை. ஏழு வயதுப் பிள்ளை தன் வீட்டுச் சமாச்சாரத்தை யாரிடம், எப்போது சொல்வது என்பதைத் தானே முடிவுசெய்ய விரும்புவான். அவனுக்குப் பதிலாக ஆசிரியையே அதைச் சொல்லிவிட்டார்.

அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் புத்தகத்தை அலமாரியில் அட்டை தெரியும்படி நிறுத்தி வைக்கலாம். வேறொரு நாள், வேறு இரண்டு கதைகளுக்கு நடுவே முழு வகுப்புக்கும் வாசிக்கலாம். வாசிக்கும்போது உங்கள் மகன் பக்கம் பார்க்கக் கூடாது. இதுதான் கஷ்டம். நம் கண் தானாகவே அந்தப் பிள்ளையிடம் போகும். பின்சுவரைப் பார்த்து வாசிப்பது நல்லது. அவனாக ஒருநாள் எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காமலே டைனோசர் புத்தகத்தோடு வருடத்தை ஓட்டினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: நான் இரண்டாம் தாரம். என் கணவரின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், என்னோடு ஒட்டுதலாகத்தான் இருக்கிறாள். ஆனால் வகுப்பு நூலகத்தில் இருக்கும் இளவரசிக் கதைகளில் மாற்றாந்தாய் எல்லாரும் ராட்சசிகள். அவற்றை எடுத்துவிடச் சொல்லலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். அந்தக் கதைகளின் பயமும் மந்திரமும் பிள்ளைகளுக்குத் தேவைதான். உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். காட்டில் விடப்பட்ட ஹான்சல், கிரெட்டல் கதையிலும் முதலில் இருந்தவள் சொந்தத் தாய்தான், பிறகு வந்த பதிப்பில் மாறினாள். பெற்றவளின் பெயரைக் காப்பாற்றப் பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுவிட்டார்கள்!

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லலாம், ரசித்துக் கேட்பாள். ஆசிரியையிடம் கேட்க வேண்டியது வேறு. அப்பா, சித்தி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்து தொலைந்துபோன பூனையைத் தேடுகிற மாதிரி சாதாரணக் கதை ஒன்றிரண்டு, அந்த இளவரசிகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு அம்மாக்கள் உள்ள வீட்டைக் காட்டும் ஒரு படக்கதை என் வகுப்பில் இருக்கிறது. ஒரு பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார். தலைமையாசிரியர், “எதற்கு வம்பு, எடுத்துவிடுங்கள்” என்கிறார்.

பதில்: அந்தப் பெற்றோரை அழைத்து, உட்காரவைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டைகள் வாசிக்காத புத்தகத்தைப் பற்றியவை. வாசித்த பிறகும் வேண்டாம் என்றால், தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவருக்கு இடம் உண்டு. மற்றப் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பதைத் தடுக்க இடம் இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டப் பள்ளிகளில் இப்படிப்பட்ட கதைகள் பாடத்தில் சேர்க்கப்பட்டன. மத நம்பிக்கையின் பேரில் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும்வரை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்து, பிள்ளைகளை விலக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று 2025 ஜூனில் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அங்கேயும் பேச்சு தங்கள் பிள்ளைகளை விலக்கிக்கொள்வது பற்றித்தான். எல்லார் அலமாரியிலிருந்தும் புத்தகத்தை அகற்றச் சொல்லி அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

தலைமையாசிரியருக்கு வேண்டியது தத்துவம் அல்ல, கையில் ஒரு காகிதம். புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், யார் வாசித்துப் பார்க்கிறார்கள், புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு புகார் வருவதற்கு முன்பே அது கோப்பில் இருக்கட்டும். பிள்ளைகள் “ரெண்டு அம்மாவா?” என்று கேட்டால், “ஆமாம், அவங்க வீட்ல ரெண்டு அம்மா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். கேட்டதற்கு மேல் பெரியவர்கள் பேசப் போய்த்தான் சிக்கல் வரும்.

கேள்வி: இந்தக் கதைகளை வாசித்த பிறகு, ‘குடும்ப மரம்’ வரையச் சொல்லலாமா?

பதில்: கட்டம் போட்ட தாளைக் கொடுக்காதீர்கள். அப்பா, அம்மா என்று அச்சடித்த கட்டம் காலியாக இருந்தால் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். வெறும் தாளைக் கொடுத்து, “உன்னோடு இருப்பவர்களை வரை” என்று சொல்லுங்கள். நாய்க்குட்டியையும் வரைந்தால் அழிக்கச் சொல்ல வேண்டாம்.