ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆறிலும் சாவு, நூறிலும் சாவு

கும்பகோணத்தில் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அப்பா காலத்தில் நெகட்டிவ்கள் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. என் காலத்தில் படங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. எது பாதுகாப்பானது என்று கேட்டால் டப்பாவைத்தான் காட்டுவேன். டிஜிட்டல் படங்களைச் சேமிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து: அக்கா, திருமணப் படங்கள் எடுக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எல்லாம் 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. இது போதுமா?

போதாது தம்பி. உங்களிடம் இருப்பது பேக்கப் இல்லை, ஒரே ஒரு பிரதி. அது போனால் எல்லாம் போயிற்று.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். என்னிடம் ஒன்று கணினியில், ஒன்று ஸ்டுடியோ அலமாரியில், ஒன்று தஞ்சாவூரில் தங்கை வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில். இரண்டு வகை என்ற விதியை நான் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. வேறு கம்பெனி டிஸ்க், வேறு ஆண்டில் வாங்கியது என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் வாங்கிய இரட்டையர்கள் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வேறு இடம் என்பதில் மட்டும் சமரசம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது என்று நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் பத்துப் பிரதிகள் வைத்திருந்தாலும் தண்ணீருக்கு அது ஒரே பிரதிதான்.

செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல், அதாவது கேமரா பதப்படுத்தாமல் எழுதும் மூலப் படம், ஒன்று சுமார் 28 எம்பி. ஒரு திருமணத்துக்கு 4,000 படங்கள் என்றால் 112 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் சுமார் 35 திருமணங்கள், அதுவும் வீடியோ இல்லாமல். ரேட் பேசும்போது கேமராவையும் ஆல்பத்தையும் சேர்க்கிறோம், டிஸ்க்கை யாரும் சேர்ப்பதில்லை.

கோவையிலிருந்து: நான் இரண்டு டிஸ்க்குகளில் மிரர் ரெய்டு போட்டிருக்கிறேன், ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றொன்றிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றொன்றில் இருக்குமே?

இருக்கும். டிஸ்க் செத்தால் மட்டும். நீங்களே தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியோடு திருடு போனால் இரண்டும் போகும். கண்ணாடி முன் நின்று மொட்டை அடித்துக்கொண்டால் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கும் மொட்டைதான். ரெய்டு வேலை தடைப்படாமல் ஓடுவதற்கு. பேக்கப் தனியாக வேண்டும்.

மதுரையிலிருந்து: மேடம், கார்டிலிருந்து கணினிக்கு எடுக்கும்போது நீங்கள் என்ன ஒழுங்கைப் பின்பற்றுகிறீர்கள்?

பட்டுத் தெரிந்துகொண்ட ஒழுங்கு. தொடக்க காலத்தில் ஒரு காதணி விழா. நான் ஒரு கேமரா, உதவியாளர் அதே மாடலில் இன்னொரு கேமரா. இரவு பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு கார்டுகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். இரண்டு கேமராக்களும் டிஎஸ்சி 0001 என்றுதான் எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மறுநாள் காலை இரண்டு கார்டுகளையும் ஃபார்மட் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட படங்கள் அத்தனையும் என் கார்டில் இருந்தவை. உதவியாளர் எடுத்த பந்திப் படங்கள் அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டன. அந்தத் தாய்மாமன் முகத்தில் விழிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அன்றிலிருந்து கட் என்ற வேலையே கிடையாது, காப்பி மட்டும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர். ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, பிறகு ஊர். 20240215 என்று எழுதினால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். உள்ளே எடுக்கும்போதே தேதியும் கேமரா எழுத்தும் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே கேமராவில்கூட 9999 தாண்டினால் எண் மறுபடி 0001க்கு வந்துவிடும். மண்டபத்துக்குள் நுழையும் முன் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒன்றாக்குகிறோம். இல்லையென்றால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்.

இரண்டு டிஸ்க்குகளில் ஏறி, அங்கங்கே சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வது. அதையும் கேமராவுக்குள்ளேயே செய்யுங்கள். உங்கள் கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டாவதை முதல் கார்டு நிரம்பிய பிறகு என்று வைக்காமல், ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஏறும்படி பேக்கப் என்று வையுங்கள்.

சேலத்திலிருந்து: படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் வாரம் ஒருமுறை தானே பேக்கப் எடுக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமா?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். அந்தப் பேக்கப்பில் உங்கள் படம் ஒன்றுகூட இல்லை. லைட்ரூம் கிளாசிக் காட்டலாக் என்பது நூலகத்தின் அட்டைப் பெட்டி மாதிரி. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள், எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புத்தகங்கள் வெளியே அலமாரியில். வாரந்தோறும் அது நகலெடுப்பது அட்டைப் பெட்டியை மட்டும். படங்களைத் தனியாக நகலெடுங்கள். காட்டலாக் பேக்கப்பையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். திருத்தங்கள் எக்ஸ்எம்பி ஃபைலாகப் படத்தின் அருகிலேயே எழுதப்படும்படி அமைத்துவிட்டால், காட்டலாக் கெட்டாலும் செய்த வேலையில் பெரும்பகுதி மிஞ்சும்.

சிங்கப்பூரிலிருந்து: நான் தொழில்முறைக் கலைஞர் இல்லை, ஓர் அம்மா. மகளின் படங்கள் எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. கவலைப்பட வேண்டுமா?

கொஞ்சம். முதலில், 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பில்லாத இலவச இடம் இல்லை. 15 ஜிபிதான், அதுவும் மின்னஞ்சலோடு பங்கு. நிறைந்த பிறகு புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும், பலர் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து, அது ஒத்திசைவு. போனில் இடம் வேண்டும் என்று அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும், அதாவது கூகுளின் கணினிகளிலும், அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, மகளின் பிறந்த நாள் வாரத்தில், கூகுளின் டேக்அவுட் என்ற பதிவிறக்க வசதி வழியாக எல்லாவற்றையும் இறக்கி ஒரு டிஸ்க்கில் வையுங்கள். தேதி முதலான விவரங்கள் சில தனி ஃபைல்களில் வரும், குப்பை என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அனுப்பியது இருக்கிறதே என்பவர்களுக்கு: வழக்கமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

சென்னையிலிருந்து: என்னிடம் 6 டிபி இருக்கிறது. முழுவதையும் மேகத்தில் ஏற்றிவிடலாமா?

உங்கள் இணைப்பில் ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் ஒரு டிபிக்கு 44 மணி நேரம். ஆறுக்கு இடைவிடாமல் 11 நாள். மாதக் கட்டணம் தனி. தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் ஏற்றுங்கள். மீதியை டிஸ்க்கில் போட்டு அண்ணன் வீட்டில் கொடுங்கள். பேருந்தில் எடுத்துப்போனாலும் அதுதான் வேகம்.

ஈரோட்டிலிருந்து: எஸ்எஸ்டி நல்லதா, டிவிடி நல்லதா?

வேலை செய்ய எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க். மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, மெல்லக் கசியும், வெயிலில் இன்னும் வேகமாக. அலமாரிக்குப் பழைய சுழலும் டிஸ்க்தான். டிவிடியை மறந்துவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது.

அவசரம் என்று குறிப்பிட்டு ஒருவர்: கார்டைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டேன்!

அந்தக் கார்டை உடனே வெளியே எடுங்கள். இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மட் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கிறது, படங்கள் அங்கேயே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்டதை வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். மேலே புதிதாக எடுத்திருந்தால் அந்த இடத்தில் இருந்தது போனதுதான். இன்னொன்று: ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே சுரண்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, நான் ஸ்டுடியோவை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1970களின் நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பிறகு எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள் ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவ்தான் மூலம், ஸ்கேன் அதன் பிரதி. புளித்த காடி வாசம் வரும் ஃபிலிம்களை முதலில் பிரித்துத் தனியே வையுங்கள், அந்த வாசம் அவை சிதையத் தொடங்கியதன் அறிகுறி, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களை மின்னுருவாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையம் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின்கீழ் செய்திருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த நூலகமே 2023 அக்டோபரில் சைபர் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. வயரில் செருகாத ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

மறுபடி திருநெல்வேலித் தம்பி: அக்கா, நீங்கள் சொன்னபடி மூன்று பிரதிகள் எடுத்துவிட்டேன். அவை நன்றாக இருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்து பாருங்கள். ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிட்டு ஒப்பிடும் செக்சம் மென்பொருள்கள் உண்டு, நானும் ஓட்டுகிறேன். ஆனால் ஆண்டுக்கொரு நாள் கையால் செருகிப் பார்ப்பதை விட்டதில்லை. எங்கள் ஸ்டுடியோவில் ஆயுத பூசைக்கு முந்தைய நாள்தான் அது. கேமராக்களைத் துடைத்து வைக்கும்போது தங்கை வீட்டு டிஸ்க்குகளும் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் ஏதாவது பத்துத் திருமணங்களைப் பெரிதாக்கிப் பார்ப்போம். போன ஆண்டு 2016 என்று எழுதியிருந்த டிஸ்க் சுழலவே இல்லை. தஞ்சாவூர்ப் பிரதி சுழன்றது. அன்று மாலையே புதிது வாங்கி நகலெடுத்து, மறுநாள் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தோம்.