கொலையா என்று டாக்டர் ஏன் சொல்வதில்லை?

அப்பா சாலை விபத்தில் இறந்தார். அறுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சினோம். 'என் கையில் இல்லை' என்றார். தட்டிக்கழித்தாரா?
– வாசகர், வியாசர்பாடி

இல்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். பிரேதப் பரிசோதனை கேட்டு எழுதிக்கொடுப்பது போலீஸ். அதற்கு முன் அவர்கள் பிரேத விசாரணை நடத்துவார்கள். அக்கம்பக்கத்தில் குறைந்தது 2 பேரைப் பஞ்சாயத்தாராக (சாட்சிகளாக) வைத்துக்கொண்டு, உடல் எப்படிக் கிடந்தது, என்னென்ன காயம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. (கோர்ட் வராண்டாவில் இன்னும் '174' என்றுதான் பேச்சு.) பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. டாக்டரைத் திட்டிப் பயனில்லை.

ரிப்போர்ட்டில் 'கழுத்து நெரிபட்டு மூச்சுத்திணறல்' என்று இருக்கிறது. கொலை என்று ஏன் எழுதவில்லை?
– வாசகி, வேளச்சேரி

அது அவர் வேலை இல்லை. எதனால் உயிர் போனது, காயம் சாவதற்கு முன் பட்டதா பின்பா, இதையெல்லாம் தடயவியல் மருத்துவர் சொல்வார். நெரித்தது யார், எதற்காக என்று தேடுவது விசாரணை அதிகாரி. கொலைதான் என்று தீர்மானிப்பது நீதிமன்றம். டிவியில் ஒரே ஆள் மூன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்!

விஷம் என்று சந்தேகம் வந்தால் இன்னொருவர் சேர்வார். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைப் பெரும்பாலும் உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து அனுப்புவார்கள். ஃபார்மலின் ஊற்றினால் சோதனையே கெட்டுவிடும். மயிலாப்பூர் தடய அறிவியல் துறையில் அதைப் பார்ப்பவர் மருத்துவர் இல்லை, வேதியியல் படித்தவர். அந்த முடிவு வரும்வரை மருத்துவர் இறுதிக் கருத்தை நிறுத்திவைப்பது வழக்கம். அதை மூடிமறைப்பு என்று நினைக்காதீர்கள்.

கல்யாணமாகி 3 வருடத்தில் அக்கா தூக்கில் இறந்தாள். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) எதற்கு வருகிறார்?
– வாசகர், பெரம்பூர்

7 வருடத்துக்குள் என்பதால். வரதட்சணைக் கொடுமை இருந்ததா என்று போலீஸ் இல்லாத ஒருவர் கேட்கட்டும் என்றுதான் கோட்டாட்சியர் வருகிறார். தெரிந்ததை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் விசாரிப்பவர் நீதித்துறை நடுவர்.

நம் ஊரில் கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் தனி அதிகாரி) உண்டா?
– மாணவி, அடையாறு

கிடையாது. மும்பையில் 1999 வரை இருந்தார், அப்புறம் அங்கும் எடுத்துவிட்டார்கள்.