கேம்பர் கட்டப் போகிறீர்களா? முதலில் தராசு

போன மாதம் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன கேம்பர் டிரெய்லர் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். இரண்டு பேர் படுக்கிற பெட்டி, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி, அவ்வளவுதான் அந்த வண்டி. அதை வீட்டு வாசலிலேயே கட்டப் பார்க்கிறவர்கள் வட சென்னையில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதே பேச்சு. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

சார், கெட்டியாக இருக்கட்டும் என்று 18 மி.மீ. பிளைவுட் 12 ஷீட் எடுத்துவிட்டேன். பழவேற்காடு, திருப்பதி என்று போய்வர ஆசை. வெல்டிங் பட்டறைக்காரரோ, உங்கள் சின்னக் கார் இதை இழுக்காது என்கிறார். அவர் சொல்வது சரியா? (கொருக்குப்பேட்டை)

சரிதான். எட்டுக்கு நாலு 18 மி.மீ. ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. 12 ஷீட் என்றால் மரம் மட்டுமே 420 கிலோ. அதற்கு மேல் இரும்புச் சட்டம், ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் தாங்கும் அச்சு), சக்கரம், மெத்தை, தண்ணீர். உங்கள் கார் மொத்தமே 900 கிலோ இருந்தால் அதிகம்.

எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் உள்ள பெட்டிக்குத் தரையில் 12 மி.மீ. ஒரு ஷீட் போதும். இரண்டு பக்கச் சுவருக்கும் 6 மி.மீ. ஒவ்வொன்று, கூரைக்கும் முன்பின்னுக்கும் 4 மி.மீ. இரண்டு. மொத்த மரம் 70 கிலோவைத் தாண்டாது. பலத்தை உள்ளே இருக்கும் சட்டம் கொடுக்கும், பலகை கொடுக்க வேண்டியதில்லை. வாங்கும்போது, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையும் அதன் கீழே உள்ள உரிம எண்ணும் பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும்.

அறுக்காத ஷீட்டைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை. கேட்ட அளவைத்தான் அவர் கொடுத்திருக்கிறார், சட்டம் உங்கள் பக்கம் இல்லை. இன்னொன்று, காரோடு வந்த கையேட்டைத் திறந்து பார்த்தீர்களா? பல சின்னக் கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்றே அச்சடித்திருக்கும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால் கேம்பர் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பலகை வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டிய பக்கம் அது.

பழைய ஆட்டோ சக்கரம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. போடலாமா? (புளியந்தோப்பு)

கூடாது. அந்த டயரும் பேரிங்கும் நெடுஞ்சாலையில் கார் போகிற வேகத்துக்குச் செய்தவை அல்ல.

40-க்கு 40 ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம் என்று சொல்லி 10 நீளம் கொடுத்தார்கள். வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுகிறது. ‘ராடு சரியில்லை’ என்கிறார் கடைக்காரர், ‘டியூப் சரியில்லை’ என்கிறார் வெல்டர். யாரை நம்புவது? (வியாசர்பாடி)

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். தராசை நம்புங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டியூப்பின் ஒரு நீளம் 6 மீட்டர், அதாவது 20 அடி. 40-க்கு 40 டியூப் நிஜமாகவே 2 மி.மீ. கனம் இருந்தால் ஒரு நீளம் சுமார் 14 கிலோ வரும். 1.6 மி.மீ. என்றால் பதினொன்றரை கிலோ. கடையில் இதையே 14 கேஜ், 16 கேஜ் என்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அறுத்த முனையில் பிசிறு நிற்பதால் மெல்லிய டியூப்கூடத் தடிப்பாகத் தோன்றும். உங்கள் பத்து நீளத்தில் 25 கிலோ இரும்பு வித்தியாசம். ‘நீளத்துக்கு இவ்வளவு’ என்று விலை பேசினால் அந்த 25 கிலோவுக்கும் காசு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். கிலோ கணக்கில் பேசினால், மெல்லியதைக் கொடுத்துக் கடைக்காரருக்கு எந்த லாபமும் இல்லை. மண்ணடியானாலும் சாத்தாங்காடு இரும்புச் சந்தையானாலும் கிலோவுக்கு விலை கேளுங்கள், உங்கள் கண் முன்னால் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். கையில் கனம் அளக்க ஒரு வெர்னியர் கொண்டுபோய், பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு அளவு பாருங்கள்.

‘மெல்லிசு என்றால் வண்டி எடை குறையும், நல்லதுதானே’ என்று போன மாதமே ஒருவர் எழுதியிருந்தார். தெரிந்து கேட்டு வாங்கினால் நல்லதுதான். பெட்டியின் சட்டத்துக்கு 25-க்கு 25, 1.6 மி.மீ. டியூப் போதும் என்று நானே சொல்வேன். ஆனால் காரோடு சேரும் இழுவைத் தண்டும் ஆக்சில் உட்காரும் சட்டமும் வேறு விஷயம். தண்டுக்கு 50-க்கு 50, 3 மி.மீ.க்குக் குறைந்து போடாதீர்கள். அந்த இடத்தில் 3 என்று சொல்லி 2 கொடுத்தால், எண்ணூர் சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கும்போது தண்டு மடங்கும். பின்னால் வருகிறவர் பைக்கில் குழந்தையை உட்காரவைத்து வருகிறவராக இருக்கலாம். இந்த ஏமாற்று வேலை பணத்தோடு முடிவதில்லை. என் கோபமெல்லாம் அதனால்தான்.

பில்லில் ‘டியூப் 10’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். அளவு, கனம், நீளம், கிலோ நான்கும் எழுதச் சொல்லுங்கள். ‘பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்’ என்பார்கள். அந்தப் பதினெட்டை மிச்சம் பிடித்தவர், பிறகு ஏமாந்தேன் என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நிற்பார். உங்களிடம் பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஒரு நீளத்தை எடை போட்டு, தராசோடு படம் எடுங்கள். கிலோ குறைந்தால், சொன்ன தரத்தில் பொருள் கொடுக்காதது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்லி எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 14 கிலோ சரியாக இருந்தால் வெல்டரை மாற்றுங்கள்.

ஐயா, துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்காரியும் நானும் ஊர் ஊராகப் போகலாம் என்று கேம்பர் கட்டித்தரும் ஒருவரிடம் 85,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஏழு மாதம் ஆகிறது. இப்போது போனை எடுப்பதில்லை. ரசீது இல்லை, ஜிபேயில் அனுப்பியதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கின்றன. மகன் திட்டுகிறான். (திருவொற்றியூர்)

உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், தப்பு அப்பா மீது இல்லை. நம்பிப் பணம் கொடுத்ததைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதுதான் குற்றம்.

உங்களிடம் இருப்பது போதுமான ஆதாரம். அந்த போனை மாற்றாதீர்கள், பேச்சை அழிக்காதீர்கள். பணம் போன நாளுக்கான வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து அந்த வரியைக் குறித்துவையுங்கள். என்ன அளவு வண்டி, எப்போது தருவதாகச் சொன்னார் என்று அவர் எழுதிய செய்திகளைத் தேதி தெரியும்படி அச்செடுங்கள். பிறகு, 15 நாளில் வண்டியைக் கொடு அல்லது பணத்தைக் கொடு என்று ஒரு பக்கக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சிலர் அந்த ஒரு அழைப்பிலேயே இறங்கிவருவார்கள்.

வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவருடைய பட்டறை எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் ‘இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். பணத்தோடு வட்டியும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் சேர்த்துக் கேளுங்கள். மனு எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள் ஐயா, வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன்.

தெர்மாகோல் பலகையில் பெட்டி செய்து மேலே ஃபைபர் பூசினால் எடையே இருக்காதாமே? காசிமேட்டில் ஃபைபர் போட் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் பழக்கம், அவரிடமே கொடுக்கலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

அவரிடமே கொடுங்கள். கடலில் அடிவாங்கும் படகை ஒட்டுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் தெர்மாகோல் விஷயத்தை முதலில் பேசிவிடுங்கள். படகுக்குப் போடும் சாதாரண பாலியெஸ்டர் ரெசினில் (ஃபைபரை ஒட்டி இறுக்கும் பசை) ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது, அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். நான் இதைக் கேட்காமல் 12 பலகை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ரெசின் பூசினேன். கொஞ்ச நேரத்தில் பலகை குழி குழியாக உள்வாங்கிப் போனது. தெர்மாகோல், ஃபைபர் மேட், ரெசின் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் வீணானது. விற்ற கடைக்காரருக்கு நான் எதற்கு வாங்குகிறேன் என்று தெரியும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

வழி இரண்டு. தெர்மாகோல்தான் வேண்டும் என்றால் எபாக்ஸி ரெசின் போடுங்கள், அது கரைக்காது, விலை அதிகம். பாலியெஸ்டர் ரெசின்தான் என்றால் உள்ளே அதில் கரையாத பியூ ஃபோம் பலகை வையுங்கள். எதுவானாலும் ஒரு சாண் துண்டில் பூசி, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். ரெசின் டப்பாவில் தயாரித்த தேதி பாருங்கள், பழையது டப்பாவுக்குள்ளேயே இறுகத் தொடங்கியிருக்கும். பாலியெஸ்டர் ரெசினை நீங்களே கலக்கப் போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெசினை இறுக்கும் ஹார்ட்னரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒன்றோடொன்று நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர்.

வீட்டில் கட்டிய டிரெய்லருக்கு ஆர்.சி. எல்லாம் வேண்டாம், என்ஜின் இல்லையே என்கிறார் பட்டறைக்காரர். உண்மையா? (பெரம்பூர்)

உண்மை இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘மோட்டார் வாகனம்’ என்பதன் விளக்கத்திலேயே டிரெய்லரும் சேர்ந்திருக்கிறது. பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, இழுக்கும் காரின் எண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். பதிவில்லாத வண்டி யார் மேலாவது மோதினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும், நீங்கள் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டிவரும்.

ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால் படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நேரில் கேளுங்கள். அடிச்சட்டத்தை மட்டும், வடிவ ஒப்புதல் (அந்த மாதிரி டிரெய்லருக்கு அங்கீகரித்த சோதனை மையம் தரும் சான்று) பெற்ற தயாரிப்பாளரிடம் சான்றிதழின் நகலோடு வாங்கி, மேல்பெட்டியை நீங்கள் கட்டலாமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ‘முடிச்சுக் கொடுத்துடுறேன், பதினைந்தாயிரம் கொடுங்க’ என்று வாசலில் நிற்பவரிடம் பேச்சே வேண்டாம்.

ஆன்லைனில் 12 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி, எடை 3 கிலோ, 6,000 ரூபாய். விளக்கும் ஃபேனும் ஓட்ட ஆர்டர் போட்டுவிட்டேன். சரிதானே? (தண்டையார்பேட்டை)

போட்டுவிட்டுக் கேட்கிறீர்கள். 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பத்து கிலோவுக்குக் குறைந்து நான் பார்த்ததே இல்லை. 3 கிலோவில் அவ்வளவு மின்சாரம் அடங்காது, உள்ளே இருப்பது பழைய செல்லாகவும் இருக்கலாம். ரத்து செய்ய முடிந்தால் இன்றே செய்யுங்கள். முடியாவிட்டால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, எடை போட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு சின்ன ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 350 வாட்-அவர் போதும். இந்த வகை பேட்டரியின் சரியான வோல்ட் 12.8. நல்ல 50 ஏ.எச். பேட்டரியில், 50-ஐ 12.8-ஆல் பெருக்கினால், 640 வாட்-அவர் இருக்கிறது.

புதுப்பேட்டையில் பழைய காரின் பின் ஆக்சில் டயரோடு கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க? (மாதவரம்)

நான் பார்க்காமல் வாங்கியதைச் சொல்கிறேன். என் முதல் வண்டிக்கு ஒரு ஆக்சிலைத் தரையில் கிடந்தபடியே விலை பேசி எடுத்துவந்தேன். கண்ணுக்குத் தெரியாத வளைவு. அறுநூறு கிலோமீட்டரில் புது டயரின் உள்விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டேன், பில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அதனால், இரண்டு கல்லின் மேல் தூக்கிவைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால், விளிம்பில் கோடு முழுச்சுற்றும் ஒரே மாதிரி விழ வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணல். ஆக்சில் வளைவு இதில் தெரியாது, அதற்கு இரண்டு டயருக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் டேப்பால் அளந்து பாருங்கள், ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பேரிங்கில் கரகரப்புக் கேட்டால் அதை மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரை இனாமாகக் கொடுத்தாலும் ஓட்டாதீர்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று பில்லில் எழுதி வாங்குங்கள், திருட்டுச் சாமான் என்றால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

எங்கள் பக்கம் லாரி எடை போடும் வே பிரிட்ஜ் நிறைய. அதில் சின்ன டிரெய்லரை எடை போடுவார்களா? (மணலி)

போடுவார்கள். இத்தனை கடிதத்தில் கட்டி முடித்த வண்டியின் எடையைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. லாரிக்கான மேடை என்பதால் ஐந்து பத்து கிலோ முன்பின் இருக்கும், பரவாயில்லை. காரிலிருந்து கழற்றி, டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தி சீட்டு வாங்குங்கள்.

அப்புறம் வீட்டில் ஒரு வேலை. மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்களே, அதேதான். இழுவைத் தண்டின் முனையை, கொக்கி இருக்கும் உயரத்தில், ஒரு கட்டை வைத்து, ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் நிறுத்துங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அதில் காட்ட வேண்டும்: 350 கிலோ வண்டிக்கு 35 கிலோ. குறைவாக இருந்தால் பின்பாரம், வேகம் எடுத்ததும் வண்டி பாம்புபோல நெளியும். அடுப்படி பின்னால் இருப்பதால் பெரும்பாலும் இந்தக் குறைதான் வரும். தண்ணீர் கேனையும் பேட்டரியையும் ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். இரண்டு எடையும் பார்க்கும்போது கேனில் தண்ணீர் நிரம்பியிருக்கட்டும், மெத்தை, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் உள்ளே இருக்கட்டும்.