தலைமைப் பயிற்சியாளர் தேர்வு: கண்துடைப்பு எது, நேர்மை எது? – கேள்வி பதில்

கால்பந்து அணிகள் தலைமைப் பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, அதில் நியாயம் எவ்வளவு என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் புனைபெயர். கிளப் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு. தேவைப்படும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

கார்னர் கிக்: முதலாளி தன் பணத்தில் கிளப் நடத்துகிறார். தனக்குப் பிடித்தவரைப் பயிற்சியாளராகப் போடுகிறார். இதில் நியாயம், அநியாயம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

போட்டுக்கொள்ளட்டும். இனம், நிறம், பாலினம் பார்த்து ஒருவரைத் தள்ள முதலாளிக்கும் உரிமை கிடையாது. அதை விட்டால், நம்பிக்கையான ஆளை நேராக நியமிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. "எனக்கு இவர்தான் வேண்டும், வேறு யாரையும் பார்க்கவில்லை" என்று அறிவித்துவிட்டால் அதுவும் ஒரு வகையில் வெளிப்படைதான். விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, நாலு பேரை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, முடிவை மட்டும் முந்தின வாரமே எடுத்து வைத்திருப்பதைத்தான் அநியாயம் என்கிறேன்.

தேசிய அணி கதை வேறு. சம்மேளனம் யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. அங்கே தலைவருக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது.

ஆஃப்சைடு: ரூனி விதி என்று அடிக்கடி படிக்கிறேன். வெய்ன் ரூனிக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஒரு சம்பந்தமும் இல்லை. இவர் டான் ரூனி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர். ஆட்டமும் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஆனால் பயிற்சியாளர் நியமனத்தில் நியாயம் பற்றிய பேச்சை விதியாக எழுதும் பழக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பரவியது. அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். இந்த விதியை 2002 கடைசியில் முடிவெடுத்து 2003 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும். பிறகு அது இரண்டு பேராக உயர்ந்தது. வேலை கொடுத்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை, உள்ளே அழைத்துப் பேசு என்கிறது, அவ்வளவுதான்.

2003-லேயே சோதனை வந்தது. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஸ்டீவ் மரியூச்சிதான் வருவார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால் அழைக்கப்பட்ட சிறுபான்மையினர் வர மறுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவர் ஒருவரையும் பார்க்காமலே நியமனம் முடிந்தது. அணி நிர்வாகத்தின் தலைவர் மேட் மில்லனுக்கு 2,00,000 டாலர் அபராதம் விழுந்தது. விதி ஜெயித்த மாதிரி இருக்கிறது, இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் முடிவான பிறகு நடக்கும் நேர்காணலை எந்த விதியாலும் உண்மையான நேர்காணலாக மாற்ற முடியாது என்பதுதான் அன்றே தெரிந்துபோனது.

அதற்கு நல்ல சாட்சி 2022. பிரையன் ஃபுளோரஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளருக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடன் நேர்காணல் நடக்க மூன்று நாள் இருந்தது. அப்போது இன்னோர் அணியின் மூத்த பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கிடமிருந்து வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லிக் கைப்பேசியில் செய்தி வருகிறது. என்னையா சொல்கிறீர்கள் என்று இவர் கேட்டபோதுதான் பெலிச்சிக் நினைத்தது இன்னொரு பிரையனை, அதாவது பிரையன் டேபாலை, என்று தெரிகிறது. ஃபுளோரஸ் அப்படியும் போய் நேர்காணலில் உட்கார்ந்தார். வேலை டேபாலுக்குப் போனது. 2022 பிப்ரவரி 1 அன்று ஃபுளோரஸ் வழக்குப் போட்டார். நேர்மையாகத்தான் நடந்தோம் என்கிறது ஜயன்ட்ஸ். நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி, ஒருவருக்கான வாழ்த்து வந்த பிறகு இன்னொருவருக்கு நேர்காணல் நடக்கிறது என்றால் அந்த மூன்று நாளைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சூப்பர் சப்: இங்கிலாந்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறதாமே?

இருக்கிறது, கூடவே ஓட்டையும் இருக்கிறது. பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளை நடத்தும் இ.எஃப்.எல். 2018-ல் சோதனையாகத் தொடங்கி, 2019-20 பருவத்தில் அதை விதியாக்கியது. கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மையினரில் தகுதியான ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை கிளப் பரிசீலித்தால்தான் இது பொருந்தும். ஒரே ஆளைப் பார்த்து ஒரே ஆளை எடுத்தால் விதி வாயைத் திறக்காது. ஆட்டப் பருவத்தின் நடுவே அவசரமாக ஆள் மாற்றும் கிளப்புகள் பலவும் அந்த வழியாகத்தான் போகும்.

ரெட் கார்டு: 2024-ல் தென்கொரியாவில் பயிற்சியாளர் நியமனம் நாடாளுமன்றம் வரை போனதே? விளக்கமாகச் சொல்லுங்கள்.

தேர்வு நடைமுறை எங்கெங்கே உடையும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜோர்டானிடம் தோற்றதும் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மனை நீக்கினார்கள். அடுத்தவரைத் தேட தேசிய அணிக் குழு என்று ஒன்று உட்கார்ந்தது. மாதக்கணக்கில் இழுத்தது. பேச்சு நடத்திய ஜெசி மார்ஷ் கனடா அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். நடுவில் இரண்டு இடைக்காலப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். ஜூன் கடைசியில் குழுத் தலைவர் ராஜினாமா செய்துவிட்டார். அவர் வேலையைத் தொழில்நுட்ப இயக்குநர் கையில் எடுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய் இரண்டு வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைப் பார்த்தார். திரும்பி வந்தவர் ஹாங் மியுங்-போவைச் சந்தித்தார். ஜூலையில் ஹாங்தான் பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்தது. 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன கொரிய அணியின் கேப்டன் அவர், அப்போது உல்சான் கிளப்பின் பயிற்சியாளர். ஆளின் தகுதியில் பெரிய சந்தேகம் இல்லை, வந்த வழிதான் தகராறு.

குழுவில் இருந்த முன்னாள் வீரர் பார்க் ஜூ-ஹோ, குழு வேலை செய்த விதத்தை யூடியூபில் வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அப்புறம் விளையாட்டு அமைச்சகம் தணிக்கையில் இறங்கியது. அது சொன்னதில் மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, இறுதிப் பரிந்துரை செய்ய அந்த இயக்குநருக்கு விதிப்படி அதிகாரமே இல்லை. இரண்டாவது, வெளிநாட்டவர்களிடம் நடந்தது போன்ற நேர்காணல் ஹாங்கிடம் நடக்கவில்லை. இரவு நேரத்தில், அவர் வீட்டுப் பக்கத்தில், கூட யாரும் இல்லாமல் சந்திப்பு, முன்கூட்டியே தயாரித்த கேள்விகள் கிடையாது, அந்தச் சந்திப்பிலேயே பயிற்சியாளராக வாருங்கள் என்ற அழைப்பு. மூன்றாவது, சம்மேளன இயக்குநர் குழுவின் ஒப்புதல் வெறும் சடங்காக நடந்தது. 2023-ல் கிளின்ஸ்மனை எடுத்தபோதும் குழுவை ஒதுக்கிவிட்டுச் சம்மேளனத் தலைவரே நேர்காணல் நடத்தியதையும் தணிக்கை எடுத்துக் காட்டியது.

முடிவு? ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்ல முடியாது என்றது அமைச்சகம். ஹாங் தொடர்ந்தார், அணி 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. சம்மேளனத் தலைவர் மீது கடும் நடவடிக்கை வேண்டும் என்று அமைச்சகம் கேட்டது. அவரோ 2025 பிப்ரவரியில் நாலாவது முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தார்.

ரெட் கார்டு (மறுபடியும்): அணி தகுதி பெற்றுவிட்டதே, அப்போது நடைமுறையைப் பற்றி என்ன கவலை?

அணி ஜெயித்ததால் தேர்வு சரி என்றால், தோற்ற அணியின் நேர்மையான தேர்வைத் தப்பு என்று சொல்ல வேண்டி வரும். ஹாங்கின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். சொந்த ஊர் மைதானத்தில், முதல் ஆட்டத்திலேயே, சொந்த ரசிகர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். ஒழுங்காக நாலு கேள்வி கேட்டு, குறித்து வைத்து, அதே ஆளை எடுத்திருந்தால் அவருக்கு அந்தத் தலைவலி வந்திருக்காது.

த்ரோ இன்: 2025-ல் இந்திய அணிக்கு ஸாவி விண்ணப்பித்தார் என்று செய்தி வந்ததே, அது என்ன கூத்து?

கூத்துதான். பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் போன பிறகு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது. 170 வந்தன. அதில் உலகப் புகழ்பெற்ற ஸ்பெயின் பயிற்சியாளர்களான ஸாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் மின்னஞ்சல். ஸாவி விண்ணப்பித்தார், சம்பளம் கட்டுப்படியாகாது என்கிற ரீதியில் செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. கடைசியில் இரண்டுமே உண்மையானவை இல்லை என்று சம்மேளனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. விண்ணப்பம் வந்தால் ஆள் அவர்தானா, பயிற்சியாளர் லைசென்ஸ் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பெயரைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டும்.

சரி, இதே தேர்வில் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு காலித் ஜமில், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெபான் தார்கோவிச் என்று மூன்று பேரைப் பரிந்துரைத்தது. மூன்று பெயரும் வெளியே வந்தன. நிர்வாகக் குழு ஆகஸ்ட் 1 அன்று ஜமிலை நியமித்தது. யார் வடிகட்டினார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. முடிவில் உடன்பாடு இல்லாதவர்கள் யாரைக் கேட்பது என்றாவது தெரிந்துகொண்டார்கள்.

மிட்ஃபீல்டர்: அப்படியானால் விண்ணப்பித்த எல்லாருடைய பெயரையும் போட்டுவிட வேண்டியதுதானே?

வேண்டாம். விண்ணப்பிப்பவர் வேறொரு கிளப்பில் வேலையில் இருப்பார். பெயர் வெளியே போனால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அங்கே அவர் கதை முடிந்துவிடும். நல்லவர்கள் பயந்து விண்ணப்பிக்கவே மாட்டார்கள். என்ன தகுதி எதிர்பார்க்கிறோம், குழுவில் யார் யார், கடைசிக் கையெழுத்து யாருடையது, குழு உறுப்பினருக்கு விண்ணப்பதாரருடன் உறவோ வியாபாரமோ உண்டா, எத்தனை பேரை நேர்காணல் செய்தோம் என்பதெல்லாம் வெளியே வரட்டும். தகுதிப் பட்டியல் விண்ணப்பம் கேட்கும் முன்பே வரவேண்டும். ஆளைப் பார்த்த பிறகு தகுதியை எழுதினால் அது அவர் அளவுக்கே தைத்த சட்டையாக இருக்கும்.

கோல் கீப்பர்: நேர்காணல் அறைக்குள் உண்மையில் என்ன நடக்கும்? மதிப்பெண் போடுவார்களா?

போடுவார்கள். எப்போது போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். நான் உட்கார்ந்த ஒரு குழுவில் ஐந்து பேர். ஆட்ட உத்தி, இளம் வீரர் வளர்ப்பு, ஆட்கள் நிர்வாகம் என்று கட்டம் போட்ட தாள் ஆளுக்கு ஒன்று. விண்ணப்பதாரர் வெளியே போனதும் தலைவர் நாற்காலியில் சாய்ந்து, "எனக்கு இவரை ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றார். அதற்கு அப்புறம்தான் பேனாக்கள் அசைந்தன. என் பக்கத்தில் இருந்தவர் முன்பே 5 என்று போட்டிருந்ததை அழகாக 8 ஆக்கினார். தாள்களைக் கூட்டிப் பார்த்தால் எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த மாதிரியே இருந்தது. கோப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மருந்து எளிது. ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேளுங்கள். பேசும் முன்பே மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிடுங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். மதிப்பெண் குறைந்தவரை எடுக்கவும் செய்யலாம், காரணத்தை எழுதி வைத்தால் போதும்.

விங் பேக்: லைசென்ஸ் இல்லாதவரை எடுத்தால் என்ன ஆகும்?

பிரான்சில் ரீம்ஸ் கிளப் 2022-23-ல் வில் ஸ்டில்லை வைத்திருந்தது. ஐரோப்பாவில் பயிற்சியாளருக்கான உச்ச லைசென்ஸான யூஃபா புரோ அவரிடம் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டிக்கொண்டே அவரை வைத்திருந்தார்கள், அணியும் நன்றாக ஆடியது. எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் வருடக்கணக்கில் உழைத்து லைசென்ஸ் வாங்கி வேலைக்குக் காத்திருப்பவர் கண்ணால் பார்த்தால் அது வேறு கதை.

பலருக்குத் தெரியாத ஒன்று: பயிற்சியாளர் ஒப்பந்தம் பற்றி 2021 முதல் ஃபிஃபாவுக்குத் தனி விதிகள் உண்டு. லைசென்ஸ் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. சரிபார்ப்பது கிளப்பின் பொறுப்பு, அதுவும் கையெழுத்துக்கு முன்பு.

எக்ஸ்ட்ரா டைம்: ஏஜென்ட்கள்?

ஃபிஃபாவின் 2023 ஏஜென்ட் விதிகள் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். ஒரே ஏஜென்ட் பயிற்சியாளருக்கும் அவரை எடுக்கும் கிளப்புக்கும் சேர்த்து வேலை செய்வதென்றால் இருவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் முன்பே வேண்டும் என்று அவற்றில் எழுதினார்கள். என்னைக் கேட்டால் சம்மதம் இருந்தாலும் வேண்டாம்.

ஹாஃப் டைம்: இடைக்காலப் பயிற்சியாளர் என்று சொல்லி ஆளைக் கொண்டுவந்து பிறகு நிரந்தரமாக்குவது நியாயமா?

நடுப் பருவத்தில் அவசரத்துக்கு ஒருவரை வைப்பது தவிர்க்க முடியாதது. என்.எஃப்.எல். அணியான இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் 2022 நவம்பரில் ஜெஃப் சாட்டர்டேயை வைத்தது. பள்ளி அணிக்கு மேல் பயிற்சி கொடுத்த அனுபவம் அவருக்கு இல்லை. இடைக்கால நியமனம் என்பதால் ரூனி விதி குறுக்கே வரவில்லை. எட்டு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தார். பருவம் முடிந்ததும் பலரை நேர்காணல் செய்து ஷேன் ஸ்டைக்கனை எடுத்தார்கள். அந்த இரண்டாவது பாதியாவது ஒழுங்கு. இடைக்காலத்துக்கு ஒரு கடைசித் தேதி போட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

ஸ்ட்ரைக்கர் அக்கா: ஆண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளரை எடுப்பது வெறும் விளம்பரமாகத்தானே முடிகிறது?

சில நேரம், ஆமாம். 2014-ல் பிரான்சின் கிளெர்மோன் கிளப் எலெனா கோஸ்தாவை நியமித்து உலகச் செய்தியானது. முதல் ஆட்டத்துக்கு முன்பே அவர் விலகிவிட்டார். தன்னைக் கேட்காமலே வீரர்களை ஒப்பந்தம் செய்கிறார்கள், மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்று அவர் சொன்னார். அதே கிளப் அடுத்து எடுத்த இன்னொரு பெண் கோரின் தியாக்ர் 2017 வரை இருந்தார், அதனால் கதையை ஒரு பக்கமாக மட்டும் சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான் அக்கா: வீரர் தேர்வில் உங்கள் பங்கு என்ன என்பதை நேர்காணலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பெஞ்சில் இருப்பவன்: விண்ணப்பித்தேன், நேர்காணலுக்கும் போனேன், கிடைக்கவில்லை. "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்" என்று ஒரு வரி. நான் என்ன கேட்கலாம்?

சண்டைக்குப் போகாதீர்கள், எடுத்தவரைப் பற்றியும் கேட்காதீர்கள். அறிவித்த தகுதிகளில் எதில் குறைந்தேன், அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் இரண்டு வரியில் கேளுங்கள். மதிப்பெண் தாள் ஒழுங்காக வைத்திருக்கும் கிளப் ஒரு வாரத்தில் பதில் போடும். பதில் வரவில்லை என்றால் தாளே இல்லையோ என்று சந்தேகப்படலாம். அடுத்த முறை அங்கே விண்ணப்பிக்கும் முன், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.