பாத் நகருக்குப் படகில்: அங்குள்ள 6 லாக்குகளில் இறங்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில் நேரோபோட் (ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுத்து, கென்னட்-ஏவன் கால்வாயில் பாத் போகிறோம். நாலு பேர், யாருக்கும் லாக் (நீரை ஏற்றி இறக்கிப் படகை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவுள்ள தொட்டி) பழக்கம் இல்லை. ஊர் பார்க்க எல்லா லாக்கிலும் இறங்கித்தான் ஆகணுமா?

பதில்: வேண்டாம். பிராட்ஃபர்ட் லாக்குக்குக் கீழே, பாத்தின் 6 லாக்குகளில் முதலாவதான மேல் லாக் வரை சுமார் 15 கிலோமீட்டர் தண்ணீர் ஒரே மட்டம்தான். சிட்னி கார்டன்ஸ் பக்கம் படகைக் கட்டிவிட்டு நடந்தாலே நகர மையத்திலுள்ள புல்ட்னி பாலம் போய்ச் சேரலாம். முதல் பயணத்துக்கு இதுவே போதும்.

லாக்குகளுக்குக் கீழே உள்ள ஏவன் ஆற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் இறங்குங்கள். ஆனால் படகை வாடகைக்குத் தருபவர் ஆற்றில் போக அனுமதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். லாக்குக்குக் கால் மணி என்று கணக்கு வையுங்கள்.

ஐந்தாவதாக வருவது டீப் லாக். 1976இல் சாலை வேலைக்காக இரண்டு லாக்கை ஒன்றாக்கியதால் எண்ணே 8/9 என்றிருக்கும். ஆழம் கிட்டத்தட்ட 6 மீட்டர். கரையிலுள்ள கம்பத்தைச் சுற்றிக் கயிறு மீண்டும் உங்கள் கைக்கே வர வேண்டும் என்பதால் 15 மீட்டராவது தேவை. ஒரு சுற்று சுற்றிப் பிடித்து, படகு இறங்க இறங்க விடுங்கள். முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கிச் சாய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ‘சில்’ (cill). மேல் கதவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் படி அது. நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. சுவரில் வெள்ளைக் கோடு இருக்கும். படகின் பின்பகுதி, சுக்கான் உட்பட, அதற்கு முன்னால் நிற்க வேண்டும். பின்புறம் மாட்டினால் கத்திச் சொல்லுங்கள்: கீழ் பேடில்களை (நீரைத் திறந்து மூடும் மதகுப் பலகைகளை) உடனே இறக்கி மூடி, பிறகு மேல் பேடில்களை மெல்லத் திறந்து நீர் ஏற்றினால் படகு தானே மிதந்துவிடும். ஆகவே விண்ட்லாஸுடன் (பேடிலைத் திருகும் கைப்பிடி) ஒருவர் கீழ்ப் பேடில் பக்கத்தில், ஓட்டுநர் கண்ணில் படும்படி நிற்கட்டும். ஆனால் விண்ட்லாஸைப் பேடில் தண்டிலேயே விட்டுவிடக் கூடாது. பேடிலை இறங்காமல் பிடித்திருக்கும் பல்கொக்கி நழுவினால் அது சுழன்று கையை உடைக்கும். விண்ட்லாஸ் தண்ணீரில் விழுவதும் சகஜம், ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

வெளியேறும்போது பேடில்களை மூட மறந்தால் மேல் லாக்குக்கும் இதற்கும் இடையிலுள்ள சிறு கால்வாய்ப் பகுதி வற்றி, பின்னால் வருபவர் தரைதட்டி நிற்பார்.

கடைசி லாக்கிலிருந்து ஏவன் ஆற்றில் இறங்கியதும் வலப்பக்கம் புல்ட்னி அணை. தள்ளியே நின்று பாருங்கள். நீர்மட்டப் பலகை சிவப்பில் இருந்தால் லாக்கை விட்டே வெளியே வராதீர்கள்.